பொம்மையின் முன்னால் கை நடுங்கினால் தப்பில்லை

அம்மா, மருத்துவம் முடித்த உங்கள் மகள், இதயம் நின்றுபோன ஒரு நோயாளியின் கட்டிலருகே செய்வதறியாமல் உறைந்து நின்றுவிட்டாள். அன்றிலிருந்து அவசர சிகிச்சைப் பிரிவே வேண்டாம் என்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். பொம்மையை வைத்து நடத்தும் உயிர்காப்புப் பயிற்சிக்குப் பணம் கட்டலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தாராளமாகக் கட்டலாம். ஆனால் எங்கே சேர்கிறாள் என்பதைப் பார்த்துக் கட்டுங்கள்.

உறைந்து நின்றதை வைத்து, இந்தத் துறை அவளுக்கு ஒத்துவராது என்று முடிவுகட்ட வேண்டாம். நெஞ்சை 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை அட்ரினலின் 1 மில்லிகிராம். தேர்வுத்தாளில் இதையெல்லாம் அவள் தடங்கலில்லாமல் எழுதியிருப்பாள். மானிட்டர் அலற, ஆறு பேர் ஒரே நேரத்தில் பேச, இதை வரிசை தவறாமல் செய்வது வேறு வித்தை. அது கைக்குப் பழக வேண்டும். நோயாளியின் மேல் பழகிப் பார்க்க முடியாது என்பதால்தான் பொம்மை.

இந்தப் பொம்மைக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. நார்வே பொம்மைத் தயாரிப்பாளர் ஆஸ்முண்ட் லேர்டால் 1960-இல் கொண்டுவந்த 'ரெசஸி ஆன்'தான் முன்னோடி. பாரிஸின் சேன் நதியில் கண்டெடுக்கப்பட்டதாகச் சொல்லப்படும், பெயர் தெரியாத இளம்பெண்ணின் முகவார்ப்பிலிருந்து அதன் முகத்தை வடித்தார். மேனிக்கின் எனப்படும் இன்றைய பயிற்சிப் பொம்மைகளுக்கு நாடித்துடிப்பு உண்டு, மூச்சு உண்டு, கண்பாவை கூடச் சுருங்கும்.

ஒருமுறை அப்படியொரு பயிற்சி அறையில் கண்ணாடிக்கு இந்தப்புறம் நின்று பார்த்தேன். மானிட்டரில் வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன்; அதாவது, இதயம் ரத்தத்தை வெளியே தள்ளாமல் தாறுமாறாக அதிரும் நிலை. தலைமையேற்ற இளம் மருத்துவர், இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் டீஃபிப்ரிலேட்டரைத் தயார் செய்வதிலேயே மூழ்கிவிட்டார். நெஞ்சில் யார் கையும் இல்லை. முடிந்ததும் வீடியோவைப் போட்டுக் காட்டினார்கள். "இடைவெளியே விடலைன்னுதான் நினைச்சேன்" என்றார், குரல் கம்மிப்போய். பயிற்றுநர் கடிந்துகொள்ளவில்லை. "அந்த நேரத்துல உங்க மனசுல என்ன ஓடுச்சு?" என்று மட்டும் கேட்டார். அரைமணி நேரம் அதைப் பற்றியே பேசினார்கள். அடுத்த சுற்றில் அதே மருத்துவர், மின்னேற்றம் ஆகிக்கொண்டிருக்கும்போதே "அழுத்துறதை நிறுத்தாதீங்க" என்று பெயர் சொல்லி ஒருவரிடம் ஒப்படைத்தார். அவரும் "நிறுத்தல டாக்டர்" என்று திருப்பிச் சொன்னார். சொன்னதைத் திருப்பிச் சொல்லும் அந்தப் பழக்கத்தைப் பாடப்புத்தகம் கையில் ஏற்றிவிடாது.

முடிந்தபின் உட்கார்ந்து அலசும் அந்த டீப்ரீஃபிங்தான் பயிற்சியின் உயிர். விலையுயர்ந்த மேனிக்கின் இருந்தும் இதற்கு நேரம் ஒதுக்காத இடத்தைவிட, சாதாரண பொம்மையை வைத்துக்கொண்டு நன்றாக அலசும் இடமே மேல் என்பேன்.

சான்றிதழ் ஒன்று கைக்கு வந்தால் போதும் என்று அவளை விட்டுவிடாதீர்கள். ஏ.சி.எல்.எஸ். எனும் மேம்பட்ட இதய உயிர்காப்புப் பயிற்சியின் சான்றிதழ் 2 ஆண்டு செல்லும்; கைப்பழக்கமோ சில மாதங்களிலேயே மங்கத் தொடங்கிவிடும். சேர்ந்த இடத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பத்து நிமிடமாவது மறுபயிற்சி கிடைக்குமா என்று விசாரிக்கட்டும்.

இதயம், நுரையீரலின் வேலையை உடலுக்கு வெளியே இருந்து செய்யும் எக்மோ கருவிக்கான பயிற்சியில் நேரே சேரலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அவசரம் வேண்டாம். முதலில் அடிப்படை உயிர்காப்பு, பிறகு ஏ.சி.எல்.எஸ்., பிறகு தீவிர சிகிச்சைப் பிரிவில் கொஞ்ச காலம் வேலை. எக்மோவில் நிமிடத்துக்கு நாலைந்து லிட்டர் ரத்தம்கூட உடலுக்கு வெளியே குழாய் வழியாக ஓடும். பம்ப் திடீரென நின்றால் குழாயைக் கிளாம்ப் போட்டு அடைத்து, பம்ப்பின் தலையைக் கைச்சுழற்றிக்கு மாற்றிப் பொருத்தி, கையால் சுற்றத் தொடங்கியபின் கிளாம்ப்பை எடுத்து, தொடர்ந்து சுற்ற வேண்டும். அதைச் செய்து பழகவும் பொம்மையை வைத்துப் பயிலும் சிமுலேஷன் அறைதான் சரியான இடம். ஆனால் வென்டிலேட்டரையும் ரத்த அழுத்த மருந்துகளையும் தினமும் கையாண்டவருக்குத்தான் அந்தப் பயிற்சி முழுதாகப் பிடிபடும்.

பணம் கட்டுவதற்கு முன் ஒரு வகுப்பைப் பார்க்க அனுமதி கேட்கச் சொல்லுங்கள். குழுவுக்கு எத்தனை பேர், ஒவ்வொருவருக்கும் எத்தனை முறை தலைமையேற்க வாய்ப்பு வருகிறது என்று எண்ணட்டும். தப்பு செய்தவரிடம் பயிற்றுநர் பேசும் தொனியைக் கவனிக்கட்டும். அந்த அறையில் தானும் தப்பு செய்யலாம் என்ற தைரியம் அவளுக்கு வந்தால், அங்கேயே சேரட்டும்.