எல்லை இருக்கிறதா, முதலில்?

வணக்கம். முதல் உறுப்பு √2. அடுத்தடுத்த உறுப்புக்கு, முந்தையதோடு 2ஐக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். இந்தத் தொடர்முறையின் எல்லையை, அதாவது உறுப்புகள் நெருங்கிக்கொண்டே போகும் எண்ணை, தேர்வில் கேட்டார்கள். எல்லையை ‘எ’ என்று வைத்து, எ = √(2+எ) என்று எழுதி, இருபுறமும் வர்க்கப்படுத்தி வந்த 2, –1 இரண்டில் –1ஐ விலக்கி 2 என்றேன். விடை சரி, ஆனால் பாதி மதிப்பெண்தான். கால்குலேட்டரிலும் 2தான் வருகிறது. என் கையெழுத்துதான் காரணமோ? இது நியாயமா?
— ஒரு கல்லூரி மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

கையெழுத்தை விடுங்கள். ‘எல்லையை எ என்று வைத்து’ என்கிறீர்களே, அப்படி ஒன்று இருக்கிறது என்று யார் சொன்னது?

உங்கள் வயதில் நானும் இதையே செய்தேன். 1இல் தொடங்கி, ஒவ்வொன்றையும் இரட்டித்து 1 கூட்டும் தொடர்முறை. எ = 2எ + 1 என்று போட்டு, எ = –1 என்று எழுதி இரண்டு கோடு இழுத்தேன். ஆசிரியர் தப்பு என்றுகூடப் போடவில்லை. அதன் கீழே சிவப்பு மையில் 1, 3, 7, 15, 31 என்று எழுதி, “இதில் எது –1 பக்கம் போகுது?” என்று கேட்டார். கண்ணில் நீர் முட்டிவிட்டது. வழி ஒன்றுதான். உங்களுக்குச் சரியாக வந்தது, எனக்கு வரவில்லை.

இத்தனைக்கும் நீங்கள் விட்டது இரண்டே வரி. ஓர் உறுப்பு 2க்குக் கீழே இருந்தால், 2 கூட்டினால் 4க்குக் கீழே. வர்க்கமூலம் மறுபடி 2க்குக் கீழே. அப்புறம், 0க்கும் 2க்கும் இடைப்பட்ட எந்த எண்ணுக்கும் அதன் வர்க்கம் அந்த எண்ணோடு 2 கூட்டியதைவிடச் சிறியது. ஆகவே அடுத்த உறுப்பு பெரியது. 1.4142, 1.8478, 1.9616, 1.9904. ஏறிக்கொண்டே போகிறது, 2ஐத் தாண்ட முடியாது. அப்படியானால் ஏதோ ஓர் எண்ணை நெருங்கி ஒருங்கியே ஆக வேண்டும். ‘எ’ என்ற எழுத்தை எழுதும் உரிமை இப்போதுதான் வருகிறது.

கால்குலேட்டரைச் சாட்சிக்கு அழைக்காதீர்கள். 1 + 1/2 + 1/3 என்று கூட்டிக்கொண்டே போனால் 10ஐத் தாண்டவே 12,367 உறுப்புகள் வேண்டும். பத்து லட்சம் உறுப்புகளைக் கூட்டினாலும் 14.39தான். நின்றுவிட்டது என்றுதானே கால்குலேட்டர் நம்ப வைக்கும்? அது நிற்பதே இல்லை. 14ஆம் நூற்றாண்டிலேயே நிக்கோல் ஒரேம் என்ற பிரெஞ்சு அறிஞர் காட்டிவிட்டார்: 1/3 + 1/4 அரையைவிடப் பெரியது, அடுத்த நான்கின் கூட்டலும் அப்படியே, அதற்கடுத்த எட்டும் அப்படியே. அரை அரையாகச் சேர்ந்துகொண்டே போகும்.

2இல் தொடங்கி ஒவ்வொன்றையும் தலைகீழாக்குங்கள்: 2, 1/2, 2, 1/2. உங்கள் வழியில் இதற்கும் 1 என்று எல்லை வரும். போட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.