வாரன் அன்று வென்றாரா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவில் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க ஒரே கட்சிக்குள் நடக்கும் விவாதங்களைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். 2020 பிப்ரவரியில் லாஸ் வேகாஸில் நடந்த ஜனநாயகக் கட்சி விவாதத்தில் எலிசபெத் வாரன் தெளிவாக வென்றார் என்று எழுதியிருந்தீர்கள். ஆனால் மாநிலம் மாநிலமாக நடக்கும் உட்கட்சி வாக்கெடுப்பில், மூன்றே நாளில் அதே நெவாடா மாநிலத்தில் அவருக்குக் கிடைத்தது நான்காம் இடம். அடுத்த இரண்டு வாரத்தில் போட்டியிலிருந்தே விலகிவிட்டார். மறுபக்கம், எந்த விவாதத்திலும் பெரிதாகச் சோபிக்காத ஜோ பைடன் வேட்பாளராகி, அதிபரும் ஆனார். அப்படியென்றால் உங்கள் தீர்ப்புக்கு என்ன பொருள்? பட்டிமன்ற நடுவர் போல கைதட்டலை வைத்துத் தீர்ப்பு சொல்கிறீர்களோ என்று தோன்றியது. இந்த விவாதங்களை எதை வைத்துத்தான் மதிப்பிடுவது? தவறாகக் கேட்டிருந்தால் மன்னிக்கவும்.

ஆர்., சேலம்

*

அன்புள்ள ஆர்.,

மன்னிப்பெல்லாம் வேண்டாம். சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறீர்கள். அந்த வரியை எழுதியபோது எனக்கே ஒரு நெருடல் இருந்தது, அதைத் தாண்டிப் போய்விட்டேன். இப்போது நிதானமாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

அந்த விவாதம் நம் நேரப்படி பிப்ரவரி 20 காலை ஏழரை மணிக்கு நடந்தது. மேடையில் ஆறு பேர்: வாரன், பெர்னி சாண்டர்ஸ், பைடன், பீட் புட்டிஜெஜ், ஏமி குளோபுச்சர், முதன்முறையாக மேடையேறிய மைக்கேல் புளூம்பெர்க். நோட்டில் ஆறு பத்தி பிரித்துக் கோடு போட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். புளூம்பெர்க் 12 ஆண்டுகள் நியூயார்க் மேயராக இருந்தவர், பெரும் பணக்காரர். யாரிடமும் நன்கொடை வாங்காமல் சொந்தப் பணத்தில் நின்றார். ஜனவரி முடிவதற்குள் 40 கோடி டாலருக்கு மேல் செலவழித்திருந்தார். விவாத மேடைக்கு வர இத்தனை ஆயிரம் பேரிடம் நன்கொடை வாங்கியிருக்க வேண்டும் என்று முன்பு ஒரு விதி இருந்தது. கட்சி அதை எடுத்துவிட்ட பிறகுதான் அவருக்கு அந்த மேடை கிடைத்தது. அதுவரை அமெரிக்க மக்கள் அவரை விளம்பரங்களில்தான் பார்த்திருந்தார்கள்.

வாரன் தன் முதல் வாய்ப்பிலேயே பாய்ந்தார். "நாம் யாரை எதிர்த்து நிற்கிறோம் என்று பேச விரும்புகிறேன். பெண்களைக் குண்டு என்றும் குதிரை மூஞ்சி என்றும் சொல்லும் ஒரு பில்லியனரை. இல்லை, நான் டொனால்டு டிரம்பைச் சொல்லவில்லை. மேயர் புளூம்பெர்க்கைச் சொல்கிறேன்" என்ற கருத்தில் பேசினார். கொஞ்ச நேரம் கழித்து அடுத்த அடி. புளூம்பெர்க்கின் நிறுவனத்தில் புகார் சொன்ன பெண்கள் வெளியே வாய் திறக்கக்கூடாது என்று ஒப்பந்தங்கள் போடப்பட்டிருந்தன. அவை எத்தனை, அந்தப் பெண்களை அதிலிருந்து விடுவிப்பீர்களா என்று நேருக்கு நேர் கேட்டார். புளூம்பெர்க் சொன்ன பதிலின் சாரம்: மிகச் சிலதான், யாரும் பெரிதாக எதையும் குற்றம் சாட்டவில்லை, நான் சொன்ன ஜோக் யாருக்காவது பிடிக்காமல் இருந்திருக்கலாம். அரங்கத்திலிருந்து ஒரு முனகல் கிளம்பியது. அவர் கண்களை ஒரு தடவை மேலே உருட்டினார். என் நோட்டில் புளூம்பெர்க் பத்திக்குக் கீழே "முடிந்தது" என்று எழுதினேன்.

அந்த ஒரு சொல் சரிதான். மறுநாளுக்கு மறுநாள் புளூம்பெர்க் இறங்கிவந்து, மூன்று பெண்களை ஒப்பந்தத்திலிருந்து விடுவிக்கத் தயார் என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. மார்ச் 3 அன்று 14 மாநிலங்கள் வாக்களித்த பெரிய செவ்வாய்க்கிழமையில் அவர் ஜெயித்த ஒரே இடம் அமெரிக்கன் சமோவா என்ற சின்னத் தீவுப் பகுதி. மறுநாள் விலகினார். என் பிழை நோட்டின் அடுத்த பத்தியில். அங்கே "வாரன் – வெற்றி" என்று எழுதினேன், பிறகு கட்டுரையிலும் அதையே எழுதிவிட்டேன்.

அப்போதே யோசித்திருக்க வேண்டிய விஷயங்கள் இரண்டு. முதலாவது, நெவாடாவில் பிப்ரவரி 15 முதல் 18 வரை முன்கூட்டியே வாக்களிக்கலாம். ஏறத்தாழ 75,000 பேர் அப்படி வாக்களித்து முடித்துவிட்டார்கள். மொத்தம் கலந்துகொண்டவர்களே ஒரு லட்சத்துச் சொச்சம்தான். அதாவது நெவாடாவில் வாக்களித்தவர்களில் பெரும்பான்மையோர் முடிவெடுத்த பிறகு, 19ஆம் தேதி இரவு வாரன் பேசினார். இரண்டாவது இன்னும் முக்கியம். புளூம்பெர்க் நெவாடாவில் போட்டியிடவே இல்லை. முதல் நான்கு மாநிலங்களை விட்டுவிட்டு, மார்ச் 3இல் நேராக இறங்குவதுதான் அவர் திட்டம். அந்த மாநிலத்தின் வாக்குச்சீட்டில் இல்லாத ஒருவரைத்தான் வாரன் அவ்வளவு அழகாக வீழ்த்தினார்.

சரி, மார்ச் 3இலாவது அது வாரனுக்கு உதவியிருக்க வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். இங்கேதான் உட்கட்சி விவாதம் மற்ற விவாதங்களிலிருந்து வேறுபடுகிறது. இருவர் மட்டும் மோதும்போது ஒருவர் இழப்பது இன்னொருவருக்குப் போய்ச் சேரும். ஆறு பேர், பத்துப் பேர் நிற்கும்போது அப்படி நடக்காது. வரப்பு உடைந்தால் தண்ணீர் பக்கத்து வயலுக்குத்தான் பாயும், மண்வெட்டி யார் கையில் இருந்தது என்று பார்த்துப் போகாது. புளூம்பெர்க்கை விரும்பியவர்கள் யார்? இடதுசாரியான சாண்டர்ஸ் வேட்பாளரானால் தோற்றுவிடுவோம் என்று பயந்த மிதவாதிகள். அவர் சரிந்ததும் அவர்களுக்குப் பக்கத்து வயல் பைடன். பிப்ரவரி 29 அன்று தென் கரோலினாவில் பைடன் பெரிய வெற்றி பெற்றதும், புட்டிஜெஜும் குளோபுச்சரும் விலகி அவர் பக்கம் வந்ததும் சேர்ந்துகொள்ள, வாக்குகள் மொத்தமாக அந்தப் பக்கம் பாய்ந்தன. 14 மாநிலங்களில் 10இல் பைடன் வென்றார். வாரனின் சொந்த மாநிலமான மாசசூசெட்ஸும் அதில் ஒன்று. அங்கே வாரனுக்கு மூன்றாம் இடம். லாஸ் வேகாஸ் இரவில் அந்த அடியை அடித்தது வாரன், பலன் போனது பைடனுக்கு.

இது ஒரு தடவை நடந்த விபத்து என்று நினைக்க வேண்டாம். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு குடியரசுக் கட்சியிலும் இப்படித்தான். 2016 பிப்ரவரி 6, நியூ ஹாம்ப்ஷயர். முதல் வாக்கெடுப்பு நடந்த அயோவா மாநிலத்தில் வலுவான மூன்றாம் இடம் பிடித்த வேகத்தில் மார்கோ ரூபியோ வந்திருந்தார். "ஒபாமாவுக்குத் தான் என்ன செய்கிறோம் என்று தெரியவில்லை என்ற கற்பனையை விடுவோம், அவருக்கு நன்றாகவே தெரியும்" என்று ஒரு வசனம் சொன்னார். சக வேட்பாளர் கிறிஸ் கிறிஸ்டி குறுக்கிட்டார். இதுதான் இவர் மனப்பாடம் செய்து வைத்திருக்கும் 25 விநாடிப் பேச்சு என்று அவையோரைப் பார்த்துச் சொன்னார். அதற்கு ரூபியோ என்ன பதில் சொன்னார் தெரியுமா? அதே வசனத்தைத் திரும்பவும் சொன்னார். அப்புறம் இன்னொரு தடவை. பார்த்துக்கொண்டிருந்த எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பள்ளி மேடையில் ஒரு பையன் அடுத்த வரி மறந்துபோய் முதல் வரியையே திரும்பத் திரும்பச் சொல்லுவானே, அப்போது தோன்றும் பரிதாபம். மூன்று நாள் கழித்து வாக்கெடுப்பில் ரூபியோ ஐந்தாம் இடம். சனிக்கிழமை இரவு நான் நன்றாகச் செய்யவில்லை, இனி அப்படி நடக்காது என்று தன் ஆதரவாளர்களிடம் அவரே ஒப்புக்கொண்டார். அவரை வீழ்த்திய கிறிஸ்டி? ஆறாம் இடம், சுமார் 7 சதவீதம். மறுநாள் போட்டியிலிருந்து விலகினார். இரண்டாம் இடத்துக்கு ஏறியவர் அந்தச் சண்டையில் தலையிடாத ஜான் கேசிக்.

விவாதம் ஒருவரைத் தூக்கிவிடவே செய்யாதா? செய்யும். 2020இல் அதே நியூ ஹாம்ப்ஷயரில், பிப்ரவரி 7 விவாதத்தில் குளோபுச்சர் கடைசியாகப் பேசியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அதிபர் ரூஸ்வெல்ட்டின் இறுதி ஊர்வலத்தில் ஒருவர் அழுதுகொண்டிருந்தாராம். அதிபரை உங்களுக்குத் தெரியுமா என்று ஒரு நிருபர் கேட்டாராம். எனக்கு அவரைத் தெரியாது, ஆனால் அவருக்கு என்னைத் தெரியும் என்றாராம் அவர். இதைச் சொல்லிவிட்டு, வாழ்க்கைப் பாட்டில் திணறும் மக்களைப் பார்த்து, எனக்கு உங்களைத் தெரியும் என்றார் குளோபுச்சர். நான்கே நாளில் கிட்டத்தட்ட 20 சதவீத வாக்கோடு மூன்றாம் இடம். அவர் நன்றாகப் பேசினார் என்பது உண்மை. ஆனால் அப்போது அயோவாவில் நான்காம் இடம் வாங்கி பைடன் தள்ளாடிக்கொண்டிருந்தார், அவருடைய வாக்காளர்கள் போக இடம் தேடிக்கொண்டிருந்தார்கள், வாக்களிக்க நான்கு நாள்தான் இருந்தது. எல்லாம் கூடிவந்தது.

ஆக, இப்போது நான் விவாதத்தைப் பார்க்கும் முறை மாறியிருக்கிறது. யார் அடித்தார் என்பதைவிட, அடிபட்டவரின் வாக்காளர் அடுத்து யார் வீட்டுக் கதவைத் தட்டுவார் என்று பார்க்கிறேன். அதோடு, ஒருவர் தயாரித்து வந்த பேச்சுக்கு மதிப்பெண் போடுவதை நிறுத்திவிட்டேன். அதை எழுதிக் கொடுக்க ஆள் இருக்கிறார்கள். அதற்கு மேல் ஒரு கேள்வி வரும்போது என்ன சொல்கிறார் என்பதைத்தான் குறித்துக்கொள்கிறேன். ரூபியோவும் புளூம்பெர்க்கும் சறுக்கியது அந்த இடத்தில்தான். ஒருவர் மிதமிஞ்சித் தயாரித்திருந்தார், இன்னொருவர் வரும் என்று ஊருக்கே தெரிந்த கேள்விக்குக்கூடத் தயாரிக்கவில்லை.

கமலா ஹாரிஸ் விஷயத்திலும் இதைத்தான் தவறவிட்டேன். 2019 ஜூன் 27, மயாமி. கறுப்பினக் குழந்தைகளை வேறு பகுதிப் பள்ளிகளுக்குப் பேருந்தில் அனுப்பும் திட்டத்தை 1970களில் பைடன் எதிர்த்ததை எடுத்து, அப்படிப் பேருந்தில் போன ஒரு சிறுமி கலிஃபோர்னியாவில் இருந்தாள், அந்தச் சிறுமி நான்தான் என்றார். அவருடைய அம்மா சியாமளா கோபாலன் நம் ஊர்க்காரர் என்பதால் நமக்கெல்லாம் கூடுதல் சிலிர்ப்பு. எனக்கும் இருந்தது, மறைக்கவில்லை. சில நாளில் வந்த ஒரு கருத்துக்கணிப்பில் பைடன் 22, ஹாரிஸ் 20 என்று நெருங்கினார். ஆனால் அதே இரவில் இன்னொன்றும் நடந்தது. தனியார் மருத்துவக் காப்பீட்டை ஒழித்து அரசுத் திட்டத்துக்கு மாறுவீர்களா, கை தூக்குங்கள் என்றபோது ஹாரிஸ் கை தூக்கினார். மறுநாள் காலை, கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டேன் என்றார். பேருந்துத் திட்டத்தை இப்போது நீங்கள் கட்டாயமாக்குவீர்களா என்று அடுத்த நாட்களில் நிருபர்கள் கேட்க, அதிலும் அவருடைய பதில் பைடனின் நிலைக்குப் பக்கத்தில் போய் நின்றது. அந்த டிசம்பர் 3 அன்று, ஒரு வாக்குகூடப் பதிவாகும் முன்பே, விலகினார். மயாமி இரவில் நான் குறித்துவைத்தது அந்தச் சிறுமியை. குறித்திருக்க வேண்டியது அந்தக் கையை.

வாரன் வென்றார் என்று நான் எழுதிய வரியைத் திருத்துகிறேன்: அன்று புளூம்பெர்க் தோற்றார். அதற்கு மேல் சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. ஆனாலும் ஆர்., வாரன் அந்தக் கேள்வியைக் கேட்டது வீண் என்று மட்டும் என்னால் எழுத முடியாது. பேசக்கூடாது என்று கட்டப்பட்டிருந்த பெண்களுக்காக, கோடிக்கணக்கான டாலர் விளம்பரத்துக்கு எதிரே நின்று, எத்தனை பேர் என்று ஒருவர் கேட்டார். பதில் வரும்வரை விடவில்லை. வாக்காகவில்லை என்பதற்காக அதன் மதிப்பை நான் குறைக்க மாட்டேன்.

மார்ச் 5 அன்று கேம்பிரிட்ஜில் தன் வீட்டு வாசலில் நின்று வாரன் விலகலை அறிவித்தார். கணவர் பக்கத்தில் இருந்தார். எங்கே தவறியது என்று நிருபர்கள் கேட்டார்கள். இந்தப் போட்டியில் இரண்டே பாதைகள்தான், இடதுசாரிப் பாதை சாண்டர்ஸுக்கு, மிதவாதிகளின் பாதை பைடனுக்கு, வேறு யாருக்கும் இடமில்லை என்று ஆரம்பத்திலேயே தன்னிடம் சொன்னார்கள் என்றார். அது சரியில்லை என்று நினைத்தேன், நான் நினைத்ததுதான் தவறு போலிருக்கிறது என்றார். தான் பிரசாரத்தில் சந்தித்த சின்னப் பெண் குழந்தைகள் இன்னும் நான்கு ஆண்டுகள் காத்திருக்க வேண்டுமே என்று சொன்னபோதுதான் அவர் குரல் தழுதழுத்தது.

அன்புடன்.