வாசகர் கேள்வி – பதில்: மண்சரிவு எச்சரிக்கையும் அலுவலர் கடமையும்

தோட்டப் பிரிவொன்றுக்கு அண்மையில் மாற்றலாகி வந்திருக்கிறேன். எச்சரிக்கை வந்தால் எந்தக் கட்டத்தில் மக்களை வெளியேற்றுவது? ஒன்றும் நடக்காவிட்டால் வீணாக அலைக்கழித்ததாகப் பேச்சு வருமே.
– கிராம உத்தியோகத்தர், பொகவந்தலாவை

பேச்சு வரட்டும். ஒன்றும் நடக்காமல் எல்லோரும் லயத்துக் காம்பராவுக்கு (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டுக்கு) திரும்பினால் உங்கள் வேலை சரியாக நடந்தது என்றுதான் பொருள்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கை மூன்று படி. 24 மணி நேரத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் மஞ்சள்: விழிப்பு. 100ஐத் தாண்டினால் செம்மஞ்சள்: வெளியேறத் தயார்நிலை. 150ஐத் தாண்டினாலோ, ஒரே மணி நேரத்தில் 75 கொட்டினாலோ சிவப்பு: உடனே வெளியேற்றம்.

செம்மஞ்சளிலேயே கர்ப்பிணிகள், கைக்குழந்தையுள்ள தாய்மார், நடக்க முடியாத முதியவர்கள் ஆகியோரைப் பொழுது சாயுமுன் இடம் மாற்றிவிடுங்கள். சிவப்பு நள்ளிரவில் வந்தால் மின்சாரம் இராது, படிக்கட்டு வழுக்கும், ஒரு முதியவரைத் தூக்க நான்கு பேர் வேண்டும்.

நகரத்து மழைமானி காட்டும் அளவும் உங்கள் மலையில் பெய்யும் அளவும் ஒன்றல்ல. ஆகவே நீங்களே ஒரு மழைமானி செய்துகொள்ளுங்கள். பக்கம் நேரான ஒரு போத்தலின் மேற்பகுதியை வெட்டி, அதையே புனலாகக் கவிழ்த்து வையுங்கள். அடியில் உள்ள மேடுபள்ளம் மறையும்வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தைப் பூச்சியமாகக் குறியுங்கள். மரத்தடியிலோ கூரையோரத்திலோ வைத்தால் கணக்குப் பிழைக்கும். அடைமழையில் மணிக்கொரு தரம் பாருங்கள்.

அளவு எட்டாவிட்டாலும் சில அறிகுறிகள் போதும்: லயத்துச் சுவரிலோ தேயிலை மலையிலோ புது வெடிப்பு, கதவு திடீரென இறுகுதல், மரமோ மின்கம்பமோ சாய்தல், புதிதாகக் கலங்கல் ஊற்று கிளம்புதல். மழை பெய்துகொண்டிருக்கும்போதே ஓடைத் தண்ணீர் குறைந்தால் மேலே மண் அடைத்திருக்கக்கூடும். அடைப்பு உடைந்தால் சேறும் பாறையும் ஒன்றாய் வரும். இவற்றில் எதைக் கண்டாலும் மக்களை வெளியேற்ற எவருடைய கடிதத்துக்கும் காத்திருக்காதீர்கள். தோட்டத் துரைக்கும் பிரதேச செயலகத்துக்கும் தகவல் சொல்லுங்கள், ஆனால் துரையின் அனுமதி வரட்டும் என்று நிற்க வேண்டாம்.

2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் புதையுண்டன. அந்த இடம் ஆபத்தானது என்று அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது. மாற்று இடம் கொடுக்காமல் “போங்கள்” என்று மட்டும் சொல்வது பாதிக் கடமைதான்.

அறிவித்தல் சிங்களத்தில் மட்டும் வருகிறது. என்ன செய்யலாம்?
– இளைஞர் கழக உறுப்பினர், பதுளை

தமிழும் அரச கரும மொழி. தமிழில் கேட்பது உங்கள் உரிமை, கொடுப்பது அலுவலரின் கடமை. தொடர்ந்து தவறினால் அரச கரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு எழுதுங்கள். ஆனால் அபாய நேரத்தில் முறைப்பாடு உயிரைக் காக்காது. எந்த லயம், எப்போது, எந்த வழி, எங்கே போக வேண்டும் என்ற நான்கையும் தமிழில் இப்போதே எழுதிக் கோயில் சுவரிலும் பிள்ளைக் காம்பராவிலும் (குழந்தைகள் பராமரிப்பு நிலையத்திலும்) ஒட்டுங்கள். தொலைபேசிக் கோபுரம் செயலிழந்தால் தப்புப் பறை அடித்தே கூப்பிட வேண்டியிருக்கும். கொழுந்து மலைக்குக் கேட்கிறதா என்று ஒருநாள் அடித்துப் பாருங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117, இலவச அம்பியூலன்சுக்கு 1990. வண்டி லயம் வரை ஏறாத இடமென்றால், எந்தச் சந்தியில் நிற்க வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்.

முகாமில் அடையாள அட்டை இல்லாதவர்களுக்கு நிவாரணம் மறுக்கலாமா?
– தொண்டர், லிந்துலை

கூடாது. அட்டை மண்ணுக்குள் போயிருக்கலாம். சாப்பாடும் தண்ணீரும் முதலில், பதிவு பிறகு. யாருக்கு என்ன கொடுத்தீர்கள் என்ற பட்டியலை வாசலில் எல்லோரும் பார்க்க ஒட்டினால் பாதிச் சண்டை குறையும். ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லீற்றர் தண்ணீர், 3.5 சதுர மீற்றர் இடம், 20 பேருக்கு ஒரு மலசலகூடம் என்பவை சர்வதேச அளவுகோல்கள். தொடக்கத்தில் 50 பேருக்கு ஒன்று என்றாவது இருக்கட்டும். பெண்களுக்குத் தனியாக, உள்தாழ்ப்பாளும் விளக்கும் உள்ளதாக வேண்டும்.

மழை விட்டால் திரும்பலாமா?
– வாசகி, ஹப்புத்தளை

உடனே வேண்டாம். மண்ணுக்குள் ஊறிய நீர் வடிய நாட்கள் ஆகும், வெயிலடிக்கும்போதும் சரிவு வரலாம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவன அதிகாரி வந்து பார்த்துச் சொல்லும்வரை, பாத்திரம் எடுக்கக்கூட ஒருவரையும் மேலே அனுப்பாதீர்கள்.