அக்காகிட்ட கேளுங்க: ஒப்பாரி வச்ச பாட்டியும் ஒரு மணி நேர சூப்பர்விஷனும்

இசை சிகிச்சை வேலையில இருந்து நான் ரிடையர் ஆன கதைய போன இதழ்ல எழுதினதுல இருந்து அத பத்தியே கடிதம் வருது. அதுல மூணு இந்த வாட்டி.

கேள்வி: அக்கா, என் மக மெல்பர்ன்ல இசை சிகிச்சை மாஸ்டர்ஸ் முடிச்சிட்டு வந்து இங்க ஒரு தாதிமை இல்லத்துல வேலை பாக்குறா. மாசாமாசம் சொந்தக் காச குடுத்து யார்கிட்டயோ ஒரு மணி நேரம் பேசுறா, என்னன்னு கேட்டா சூப்பர்விஷனாம். வேலை தெரியாதவங்களுக்குத்தானே சூப்பர்வைசர்? இவ்ளோ படிச்சவளுக்கு எதுக்கு?
— ஈசூன் வாசகி

பதில்: தப்பு அந்த வார்த்தை மேலதான்மா. நம்ம சிங்கப்பூர்ல சூப்பர்வைசர்னா கட்டுமான சைட்ல ஹெல்மெட் போட்டு சத்தம் போடுறவர், இல்லன்னா கிளீனிங் கம்பெனியில ரோஸ்டர் போடுறவர். இது வேற. பிரிட்டன்ல பிரிஜிட் பிராக்டர்னு ஒருத்தங்க 1980கள்ல இதுக்கு மூணு வேலை இருக்குன்னு எழுதினாங்க: செய்யிற வேலை ஒழுங்கா இருக்கான்னு பாக்கறது, திறமைய வளக்கறது, செய்யிற ஆள தாங்கிப் பிடிக்கிறது. உங்க மகளுக்கு மூணாவதுதான் ரொம்ப தேவைப்படும்னு நினைக்கிறேன், ஏன்னா அவ வேலை பாக்குற இடத்துல நேத்து இன்னொரு பாட்டு பாடும்மான்னு கேட்ட தாத்தா இன்னைக்கு இருக்க மாட்டார், கட்டில்ல புது விரிப்பு போட்டிருக்கும், பத்து மணிக்கு அவ அடுத்த ரூம்ல கிட்டார எடுத்து சிரிச்ச முகமா பாட ஆரம்பிக்கணும். இருபது வருஷம் ஆனவங்களும் சூப்பர்விஷன் போறாங்க, நானே கடைசி மாசம் வரைக்கும் போனேன். காசு விஷயம், முதலாளிதான் குடுக்கணும்ங்கறது என் கட்சி. பயிற்சிக்குன்னு ஒதுக்கின பணத்துல சேத்துக்க முடியுமான்னு எழுதிக் கேக்கச் சொல்லுங்க. என்ன பேசினன்னு மட்டும் நீங்க கேக்காதீங்க.

கேள்வி: அக்கா, எங்க இடத்துல மியூசிக் தெரபிஸ்ட் நான் ஒருத்திதான். என் சூப்பர்வைசர்னு பேப்பர்ல இருக்கிறது என் மேனேஜர், அவர் பிசியோதெரபிஸ்ட். நல்ல மனுஷன், ஆனா மாசம் ஒரு தடவ எக்செல்ல தொறந்து எத்தன செஷன் எத்தன பேர்னு பாத்துட்டு எல்லாம் ஓகேதானே, சரிம்பார். போன வாரம் குரூப் செஷன்ல சுருதிப் பெட்டிய வச்சுக்கிட்டு சும்மா ஒரு சுரத்த பிடிச்சு இழுத்துட்டு இருந்தேன், டிமென்ஷியா வந்து மாசக்கணக்கா பேசாம இருந்த ஒரு பாட்டி திடீர்னு என்னப் பெத்த அம்மான்னு ஒப்பாரி வைக்க ஆரம்பிச்சிட்டாங்க. தாதி ஓடி வந்து அழக்கூடாது பாட்டின்னு கைய பிடிச்சாங்க, பக்கத்துல இருந்த ஆன்ட்டி ஒருத்தங்க விளக்கு வைக்கிற நேரத்துல என்ன இதுன்னு திட்டினாங்க, நான் பதறிப்போய் ஒரு எம்ஜிஆர் பாட்ட எடுத்துவிட்டு எல்லாரையும் கைதட்ட வச்சிட்டேன். பாட்டி நிறுத்திட்டாங்க, அதுக்கப்புறம் வாயே தொறக்கல. எங்க பாட்டி செத்தப்ப நான் வெளிநாட்டுல பரீட்சை எழுதிட்டு இருந்தேன், அதனால ஒப்பாரி எல்லாம் எனக்கு பழக்கமில்ல. நான் செஞ்சது தப்பா? மேனேஜர்கிட்ட சொன்னா அப்ரைசல்ல வந்துருமோன்னு சொல்லல.
— ஜூரோங் வாசகி

பதில்: தங்கச்சி, உங்க கடிதத்த படிச்ச கையோட அடுத்த தடவ இப்படிப் பண்ணு அப்படிப் பண்ணுன்னு ஒரு பக்கம் எழுதித் தள்ளிட்டேன். மறுநாள் கோப்பி குடிச்சிட்டு படிச்சா எனக்கே வெக்கமா போச்சு. தாதி பாட்டிய அடக்கினாங்க. நீங்க எம்ஜிஆர வச்சு அடக்கினீங்க. மேனேஜர் ஓகேதானேன்னு உங்கள அடக்கினார், நான் ஒரு பக்க அறிவுரையால அதையே செய்யப் பாத்தேன். ஒரு கிழவி அழுகைய உக்காந்து கேக்க வரிசையா ஒருத்தருக்கும் பொறுமையில்ல! ஹெரால்ட் சேர்ல்ஸ்னு ஒரு அமெரிக்க மனநல மருத்துவர் 1955லயே இத எழுதியிருக்கார், நோயாளிக்கும் சிகிச்சையாளருக்கும் நடுவுல என்ன நடக்குதோ அதே மாதிரி ஒண்ணு சிகிச்சையாளருக்கும் சூப்பர்வைசருக்கும் நடுவுலயும் வந்து உக்காந்துக்கும்னு. அது நடக்குதுன்னு கவனிக்க ஒருத்தர் வேணும், சூப்பர்விஷன்ல பெரிய வேலையே அதுதான்.

அதனால அந்தப் பக்கத்த கிழிச்சிட்டு ஒரே ஒரு கேள்வி கேக்குறேன், பதில எனக்கு எழுத வேண்டாம். அன்னைக்கு அந்த எம்ஜிஆர் பாட்டு யாருக்குத் தேவைப்பட்டுச்சு? உங்க பாட்டி சாவ ஒரு வரியில சொல்லிட்டு உடனே "அதனால"ன்னு போட்டு நகந்துட்டீங்க பாருங்க, அந்த "அதனால"லதான் நான் நின்னுட்டேன். நல்ல சூப்பர்வைசர் அங்க நிறுத்தி, அந்த ஒப்பாரிய நீங்களே பாடிக் காட்டுங்கன்னு சொல்லுவாங்க. எங்க தொழில்ல அது வழக்கம், நோயாளியா மாறி நாம வாசிப்போம், சூப்பர்வைசர் நம்ம இடத்துல உக்காந்து வாசிப்பாங்க, பத்து நிமிஷத்துல பேச்சுல வராதது வந்துடும். அதுக்குமேல உங்க சொந்த துக்கம் பெருகி வந்தா அதுக்கு தனியா ஒரு கவுன்சலர பாக்கணும், சூப்பர்விஷன் அதுக்கான இடம் இல்ல.

எனக்கு ரொம்ப நாள் சூப்பர்வைசரா இருந்தவங்க லண்டன்காரங்க, தமிழ் ஒரு எழுத்து தெரியாது. இங்க ராத்திரி ஒன்பது, அங்க மத்தியானம், ஸ்கிரீன்ல பேசுவோம். சாகக் கிடந்த ஒரு தாத்தாவுக்கு அவர் மக கேட்டான்னு தாலாட்டு பாடிட்டு இருந்தேன், ஒரு அசைவும் இல்லன்னு சலிச்சுக்கிட்டேன். இந்தப் பாட்டுல பாடுறது யாரு, கேக்குறது யாருன்னு அவங்க கேட்டாங்க, வரி வரியா அர்த்தம் சொல்லிட்டு வரும்போதே எனக்கு உறைச்சது, அந்தத் தாத்தா இத கேட்டவர் மட்டும் இல்ல, மகளுக்கு பாடினவர். அடுத்த வாரம் பாதி வரியில நிறுத்திட்டு உக்காந்திருந்தேன். மீதிய அவர் முணுமுணுத்தார். மொழி தெரியாத ஆள் சூப்பர்வைசரா இருக்கிறதுலயும் ஒரு வசதி உண்டு, எல்லாத்தையும் விளக்க வேண்டி வரும். ஆனா விளக்கு வைக்கிற நேரத்துல ஒப்பாரி கேட்டா ஒரு தமிழ் ஆன்ட்டிக்கு வயிறு ஏன் கலங்குதுன்னு லண்டன்ல பாதிதான் புரியும், அதுக்கு தமிழ் தெரிஞ்ச ஒரு கவுன்சலரோ சமூக ஊழியரோ மாசம் ஒருமுறை கூடிப் பேசுற சின்ன குழுவுல இருந்தா நல்லது.

மேனேஜர் விஷயம். மார்க் போடுறவர்கிட்ட மனசத் தொறக்க முடியாது, உங்க பயம் நியாயமானது. "நிர்வாகத்த நீங்க பாத்துக்கோங்க, கிளினிக்கல் சூப்பர்விஷனுக்கு என் தொழில்ல இருக்கிற ஒருத்தர் வேணும்"னு அவர்கிட்டயே கேளுங்க, பிசியோவும் ஜூனியரா ஒரு சீனியர் பிசியோகிட்ட கத்துக்கிட்டு வந்தவர்தான், புரியும். ஆள் கிடைச்சா எழுத்துல போட்டுக்கோங்க, எத்தன நாளுக்கு ஒருமுறை, கட்டணம் யாரு, எது ரகசியம், ஒருத்தருக்கு ஆபத்துன்னா எது ரகசியம் இல்ல, மேனேஜருக்கு என்ன போகும் என்ன போகாது. சூப்பர்விஷன்ல பேசும்போது பாட்டி பேர் வரக்கூடாது. செஷன் ரெக்கார்டிங் கொண்டுபோறதா இருந்தா முன்னாடியே குடும்பத்துகிட்ட கையெழுத்து வாங்கிடுங்க, நம்ம ஊர்ல 2012லேர்ந்தே தனிப்பட்ட தகவலுக்கு சட்டம் இருக்கு.

பாட்டிக்கு வருவோம். தப்புன்னு சொல்ல மாட்டேன், இன்னும் முடியலன்னு சொல்லுவேன். அவங்க வாய தொறந்ததையும் பிறகு மூடினதையும் குறிப்புல எழுதுங்க, யார இழந்தாங்கன்னு குடும்பத்துகிட்ட கேளுங்க. காலையில தனியா, தாதிகிட்ட முன்கூட்டியே சொல்லி வச்சிட்டு, அதே சுருதியோட பக்கத்துல உக்காருங்க. ஆள் எந்த மனநிலையில இருக்காரோ அங்கேருந்துதான் இசைய ஆரம்பிக்கணும்னு 1940கள்லயே ஐரா ஆல்ட்ஷுலர்னு ஒரு டாக்டர் சொன்னத நீங்களும் படிச்சிருப்பீங்க. பாட்டி திரும்ப பாடுவாங்களான்னு தெரியாது. பாடாமயும் இருக்கலாம்.

கேள்வி: முப்பது வருஷமா கோயில்ல பஜனை பாடுறேன், இப்ப வாரா வாரம் ஒரு முதியோர் இல்லத்துலயும் பாடுறேன். கார்டுல இசை சிகிச்சையாளர்னு போட்டுக்கலாமா? நானும் சூப்பர்விஷன் போகணுமா?
— தேக்கா வாசகர்

பதில்: போடாதீங்க ஐயா. பிசியோ மாதிரி ஆட்கள 2011 சட்டப்படி பதிவு பண்றாங்க, அந்தச் சட்டத்துல இசை சிகிச்சை இல்ல, அதனால பேர வச்சுக்கிட்டா யாரும் பிடிக்க மாட்டாங்கன்னு தோணலாம். ஆனா அந்தப் பேருக்குப் பின்னாடி பட்டப் படிப்பும் மேற்பார்வையில செஞ்ச பயிற்சியும் இருக்கு. இசைத் தொண்டூழியர்னு போடுங்க, அழகா இருக்கு. சூப்பர்விஷன் கட்டாயம் இல்ல, மனச உறுத்துற மாதிரி ஏதாவது பாத்தா அங்க இருக்கிற தொண்டூழிய ஒருங்கிணைப்பாளர்கிட்ட அன்னைக்கே சொல்லிட்டு வீட்டுக்குப் போங்க. அப்புறம் ஜால்ராவ மெதுவா தட்டுங்க, காது மெஷின் போட்டவங்களுக்கு அது மண்டைக்குள்ளயே அடிக்கும்.