கணவர் என்னை அடிக்கிறார், பிள்ளைகளை அடிப்பதில்லை. அவர்களை இது பாதிக்குமா?

கேள்வியின் கீழே இப்படியும் எழுதியிருக்கிறீர்கள்: "சண்டை வரும்போது பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள். அவர்களுக்காகத்தான் பொறுத்துப் போகிறேன்."

அவர்கள் தூங்கியிருக்க மாட்டார்கள், சகோதரி. நானும் தூங்கியதில்லை.

திருநெல்வேலிப் பக்கம் ஒரு சின்ன ஊர். அப்பா சைக்கிளை ஸ்டாண்டு போடும் சத்தத்திலேயே அன்றைய ராத்திரி எப்படிப் போகும் என்று எனக்குத் தெரிந்துவிடும். எட்டு வயசில் எனக்கு ஒரு வேலை இருந்தது. பொழுது சாய்ந்ததும் அரிவாள்மணையை எடுத்து அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்துவைப்பேன். யாரும் சொல்லித்தரவில்லை. பிறகு தம்பியைச் சுவரோரம் படுக்கவைத்து, போர்வையை அவன் காது மூட இழுத்துவிட்டு, நானும் கண்ணை மூடிக்கொள்வேன். காலையில் அம்மா பக்கத்து வீட்டு மதினியிடம், "நல்லவேளை, பிள்ளைக தூங்கிட்டுதுக" என்பாள். அவள் நிம்மதிக்காக நாங்களும் அதை அப்படியே விட்டுவிட்டோம்.

பள்ளிக்கூடத்தில், "இவளுக்குப் பாடத்துல கவனமே இல்ல" என்பார்கள். கவனம் முழுக்க வீட்டில் இருந்தது. ஏழாம் வாய்ப்பாட்டுக்கு மேல் மண்டையில் ஏறவே இல்லை. தம்பி பத்து வயசு வரை பாயில் மூத்திரம் போனான். ஆறாம் வகுப்பில் கூடப் படித்தவனைச் சுவரோடு தள்ளி, அப்பா அம்மாவைச் சொல்லும் அதே வார்த்தையை அதே குரலில் சொன்னான். நான் பயந்து ஒடுங்கினேன், அவன் கை நீட்டினான். இரண்டும் ஒரே வீட்டில் விளைந்தவை.

இன்று நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. டஸ்டர் கீழே விழுந்தால் உடம்பு தூக்கிப்போடும் பிள்ளை, காரணமில்லாத வயிற்றுவலியோடு பெஞ்சில் சாய்ந்துவிடும் பிள்ளை என்று பார்க்கிறேன். எல்லாவற்றுக்கும் வீடுதான் காரணம் என்று முடிவுகட்ட மாட்டேன். ஆனால் தனியாகக் கூப்பிட்டுப் பேசாமல் விடுவதில்லை.

2011-இல் லண்டனில் ஈமன் மெக்ரோரி என்ற ஆய்வாளரின் குழு, வீட்டு வன்முறைக்கு ஆளான பிள்ளைகளுக்குக் கோபமான முகங்களைக் காட்டி மூளையை ஸ்கேன் எடுத்தது. ஆபத்தை மோப்பம் பிடிக்கும் அமிக்டலா, இன்சுலா என்ற பகுதிகள் மற்றப் பிள்ளைகளைவிட அதிகமாகத் துடித்தன. போர் பார்த்துவந்த சிப்பாய்களின் மூளையிலும் இதே பகுதிகள்தான் அப்படித் துடிக்கும். அந்தப் பிள்ளைகள் யாருக்கும் மனநோய் இல்லை, வெளியே சாதாரணமாகத்தான் இருந்தார்கள். அதைப் படித்த அன்றைக்கு எனக்கு அந்த அரிசி டிரம்தான் கண்ணுக்குள் வந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம், வன்முறையைப் பார்க்கிற, கேட்கிற பிள்ளையையும் பாதிக்கப்பட்டவராகவே கணக்கில் எடுக்கிறது.

எனக்குப் பதினொரு வயசில் அம்மா எங்களை ஆச்சி வீட்டுக்குக் கூட்டிப்போனாள். அங்கேயும் சாயங்காலமானால் நான் அரிவாள்மணையை ஒளித்துவைத்தேன். ஆச்சி ஒரு வார்த்தை கேட்கவில்லை. காலையில் அவளே தேடி எடுத்துக் காய் நறுக்குவாள். மாதக்கணக்கில் அப்படியே போயிற்று. பிறகு எப்போது நிறுத்தினேன் என்று நினைவில்லை. கத்தாத, அடிக்காத, நாளைக்கும் அதே இடத்தில் இருக்கிற ஒரு பெரியவர் இருந்தால், பிள்ளை மெல்லத் தேறலாம். உங்கள் பிள்ளைகளுக்கு அது நீங்களாகவே இருக்கலாம்.

இன்று பிள்ளைகளிடம், "ராத்திரி சத்தம் கேட்டுச்சா?" என்று கேளுங்கள். "இதுல உன் தப்பு எதுவும் இல்ல" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். என்னால்தான் சண்டை வந்தது என்று ரொம்ப நாள் நான் நம்பியிருந்தேன்.

பெண்களுக்கான உதவி எண் 181-க்கு அழைக்கலாம். பிள்ளைகளுக்கு 1098. 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தின்படி பாதுகாப்பு அலுவலர் வழியாக மாஜிஸ்திரேட்டிடம் மனு கொடுத்து, அடிக்கக் கூடாது என்ற உத்தரவும், அதே வீட்டில் குடியிருக்கும் உரிமையும், பிள்ளைகளைத் தற்காலிகமாக உங்கள் பொறுப்பில் வைத்துக்கொள்ளும் உத்தரவும் கேட்கலாம். வக்கீலுக்குக் காசில்லை என்று தயங்க வேண்டாம், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு இலவசமாக வக்கீல் தருவார்கள். மனுவில் உங்கள் காயங்களோடு, பிள்ளைகள் ராத்திரியில் விழித்திருப்பதையும் எழுதச் சொல்லுங்கள்.