ஆறு மாதம் உள்ளே, மிச்சம் வெளியே

கேள்வி: 1960களில் அமெரிக்காவில் போதை அடிமைகளை, தண்டனை இல்லை என்று சொல்லியே அடைத்து வைத்தார்களாமே? எத்தனை நாளில் வெளியே விட்டார்கள்? – ஒரு வாசகி, திருச்சி

பதில்: கலிபோர்னியாவில் 1961-ல் வந்த சட்டம் அது. குற்றவாளி என்று தீர்ப்பான போதை அடிமையை, தண்டனைக்குப் பதில் சிகிச்சை என்று ஏழு ஆண்டு வரை நீதிமன்றம் அப்போது ஒப்படைக்கலாம். குறைந்தது ஆறு மாதம் உள்ளே இருந்தபின், தயார் என்று அதிகாரிகள் கருதினால், கண்காணிப்போடு வெளியே போகலாம். நார்கோ ஊரில் முன்பு சொகுசு ஹோட்டலாக இருந்த கட்டடம்தான் அவர்களை அடைத்து வைத்த சிகிச்சை மையம்.

வெளியே வந்தாலும் நிம்மதி கிடையாது. நாலின் என்றொரு ஊசி போடுவார்கள். போடுவதற்கு முன்னும் பின்னும் கண் பாப்பாவை அளப்பார்கள். அது விரிந்தால் ஹெராயின் தொட்டிருக்கிறார் என்று சந்தேகம், மறுபடி நார்கோ. அப்படித் திரும்பியவர்கள் நிறைய.

போதை மறுவாழ்வு வார்டில் வேலை பார்த்தவள் என்பதால் சொல்கிறேன், ஒருமுறை வழுக்கி விழுவது இந்த நோயில் சகஜம். அதற்காகக் கதவைப் பூட்டினால், அடுத்த முறை விழுந்ததை மருத்துவரிடமே மறைப்பார்கள். அதுதான் எனக்குப் பயம்.

1962-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், போதை அடிமையாக இருப்பதையே குற்றமாக்க முடியாது என்றது. ஆனால் அதே தீர்ப்பு, கட்டாய சிகிச்சைக்காக மாநிலம் அடைத்து வைக்கலாம் என்றும் சொன்னது. அந்த இரண்டாவது வரி எனக்கு இன்னும் உறுத்துகிறது.