ஓவர்டைமும் தூரத்து பெஞ்சும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஐஸ் ஹாக்கியின் 2025 ஸ்டான்லி கோப்பை இறுதிச் சுற்றில் எட்மண்டன் ஆயிலர்ஸும் ஃப்ளோரிடா பாந்தர்ஸும் மோதிய ஆறு ஆட்டங்களில் மூன்று ஆட்டங்கள் சமனாகி ஓவர்டைமுக்கு (கூடுதல் நேரத்துக்கு) போயின. லீக் ஆட்டங்களில் இருக்கும் ஷூட்அவுட் (கோல்கீப்பரை எதிர்த்து ஒவ்வொருவராக அடித்து முடிவுசெய்வது) இங்கே ஏன் இல்லை? முதல் ஆட்டத்தில் பாந்தர்ஸ் வீரர் நோசெக் பக்கை (ஆடும் ரப்பர் வட்டை) களத்தைச் சுற்றியுள்ள கண்ணாடிக்கு வெளியே அடித்தார் என்று பெனால்டி கொடுத்தார்கள். அதிலேயே ஆட்டம் முடிந்துபோனது. அநியாயம் இல்லையா?

எம்.

அன்புள்ள எம்.,

2024-25 லீக்கில் ஓர் அணிக்கு 82 ஆட்டம். சமநிலையானால் மூன்று வீரருக்கு மூன்று வீரர் என ஐந்து நிமிடம், பிறகு ஷூட்அவுட் என்று சீக்கிரம் முடிக்கிறார்கள். கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றுகளில் அந்த அவசரம் இல்லை. ஐந்துக்கு ஐந்து, இருபது நிமிடப் பீரியட்கள், முதல் கோல் விழும்வரை.

நீங்கள் கவனிக்க வேண்டியது மாற்று வீரர்கள் உட்காரும் பெஞ்சை. முதல், மூன்றாம் பீரியட்களில் ஓர் அணியின் பெஞ்ச் அது காக்கும் கோல் பக்கம் இருக்கும். இரண்டாவதிலும் முதல் ஓவர்டைமிலும் பக்கம் மாறுவதால் பெஞ்ச் தூரமாகிவிடும். ஒரு வீரர் ஒரு தடவை களத்தில் நிற்கும் ஷிஃப்ட் வழக்கமாக 40, 50 விநாடிதான். எதிரணி பக்கை உள்ளேயே சுற்றவிட்டால் டிஃபென்ஸ் வீரர்கள் வெளியேற வழியில்லாமல் ஒன்றரை நிமிடம்கூடச் சிக்கிக்கொள்வார்கள். ஐசிங் (தன் பாதியிலிருந்து பக்கை எதிரணியின் கோல் கோட்டுக்கு அப்பால் அடித்துவிடுவது) அடித்துத் தப்பவும் முடியாது. ஐசிங் செய்த அணி ஆள் மாற்றக்கூடாது. போதாக்குறைக்கு, ஓவர்டைமில் விளம்பர இடைவேளையும் இல்லை.

இப்படிச் சிக்கியவர்களுக்கு ஒரு காலத்தில் சுலபமான வழி ஒன்று இருந்தது. பக்கைக் கண்ணாடிக்கு மேலே தூக்கி அடித்து ஆட்டத்தை நிறுத்திவிடலாம். 2004-05 லாக்அவுட்டுக்கு (சம்பளத் தகராறில் லீக் முடங்கிய பருவம்) பிறகு அதை அடைத்தார்கள். தன் டிஃபென்ஸ் பகுதியிலிருந்து அடித்த பக், யார்மீதும் எதன்மீதும் படாமல் நேராக வெளியே போனால் அடித்தவருக்கு இரண்டு நிமிடப் பெனால்டி; அதுவரை அவர் வெளியே உட்கார வேண்டும். வேண்டுமென்றே அடித்தாரா, கை நழுவியதா என்று நடுவர் யோசிப்பதே இல்லை. இந்த முரட்டுத்தனம்தான் விதியின் பலம் என்பேன். உள்நோக்கத்தை அளக்கச் சொன்னால் ஓவர்டைமில் எந்த நடுவரும் விசில் ஊதமாட்டார். பக் எதிலாவது பட்டுப் போனதா என்ற சந்தேகத்துக்கு மட்டும் 2024-25 முதல் கோச் சேலஞ்ச் (வீடியோவைப் பார்க்கச் சொல்லிப் பயிற்சியாளர் கேட்பது) உண்டு.

நோசெக் அடித்தது அப்படித்தான் போனது. ஆயிலர்ஸின் மெக்டேவிட்டும் டிரைசைட்டலும் சேர்ந்து நிற்கும் பவர்பிளேக்கு (எதிரணியில் ஓர் ஆள் குறையும் நேரம்) இரண்டு நிமிடம் கொடுப்பது தற்கொலைக்குச் சமம். மெக்டேவிட் கொடுத்த பாஸை டிரைசைட்டல் முதல் ஓவர்டைமின் 19:29-இல் கோலாக்கினார், 4-3.

இதற்காக எல்லா ஓவர்டைம் கோலையும் தூரத்து பெஞ்சின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். இரண்டாம் ஆட்டத்தில் 17.8 விநாடி மிச்சமிருக்கும்போது ஆயிலர்ஸின் பெர்ரி சமன் செய்தார். பாந்தர்ஸின் மார்ஷண்ட் தனியாகப் பாய்ந்து அடித்த வெற்றி கோல் இரண்டாம் ஓவர்டைமின் 8:05-இல். அப்போது பெஞ்ச் மறுபடி பக்கத்துக்கு வந்திருந்தது. அது டிஃபென்ஸ் தூங்கியதால் விழுந்த கோல். நான்காம் ஆட்டம் மறுபடி டிரைசைட்டல், முதல் ஓவர்டைமின் 11:18-இல்.

அநியாயம் என்றால் அது பாந்தர்ஸுக்குத்தானே நடந்தது? மூன்று ஓவர்டைமில் இரண்டை ஆயிலர்ஸ்தான் வென்றது. மற்ற மூன்று ஆட்டங்களையும் பாந்தர்ஸ் 6-1, 5-2, 5-1 என்று அறுபது நிமிடத்துக்குள்ளேயே முடித்துவிட்டு, கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனது.